தெருவின் இந்தப் பக்கம் மருந்து

ஹீத்ரோவில் என் பெட்டியைத் திறந்த அதிகாரிக்கு என் கையெழுத்து பிடித்துப்போயிற்று. உள்ளே பதினான்கு பொட்டலம். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு, கடுக்காய்த்தூள் என்று ஒவ்வொன்றின் மேலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீசு அரைகுறை. ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார். வசம்புக்கு மட்டும் மூக்கைச் சுருக்கினார். நான் குழந்தையைக் கையில் வைத்து ஆட்டுவது மாதிரி காட்டி, வயிற்றைத் தடவி, "பேபி, கேஸ்" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார். பிறகு பிரித்ததையெல்லாம் பிரித்த வரிசையிலேயே திரும்ப அடுக்கி, மூடியை அழுத்திச் சாத்தி, பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

இந்த ஊரைப் பார்த்து நான் வாய் பிளந்தது முதலில் அந்த அடுக்கலுக்குத்தான். மதுரையில் எனக்கு நாட்டு மருந்துக் கடை. சோதனைக்கு வருகிறவர்கள் ஒருநாளும் எதையும் திரும்ப அடுக்கியதில்லை.

அவர்கள் தேடி வருவது ஒரே ஒரு இலையை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பொட்டலங்களின் லேபிளைப் படித்துப் படித்தே எழுத்து கூடியவள். பழைய வைத்திய நூல்களைப் பிறகு நானாகவே உட்கார்ந்து படித்தேன். அதில் கஞ்சா என்ற பெயர் சுக்கு, மிளகு மாதிரி சர்வசாதாரணமாக வரும். லேகியத்தில் வரும், வலிக்கு வரும், தூக்கத்துக்கு வரும். ஆனால் என் அலமாரியில் வந்தால் நான் உள்ளே போகவேண்டியதுதான். முப்பது வருசமாக "அது கெடைக்குமாக்கா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. கடையில் பிரிக்கிற பொட்டலத்தின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து, கிழியாமல் உரித்து, அதில் ஒட்டிவைப்பேன். எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு பார்க்கலாமே. மிச்ச இடத்தில், கடைக்கு வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் நல்ல நல்ல வார்த்தைகளை எழுதிக்கொள்வேன். அந்த நோட்டும் லண்டனுக்கு வந்திருந்தது.

என் தங்கை செல்வி காரோடு வந்திருந்தாள். வீடு கோலியர்ஸ் வுட்டில். தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒன்றின் தோளில் இன்னொன்று சாய்ந்த மாதிரி. கதவைத் திறந்தது அவள் வீட்டுக்காரர் சிவநேசன். ஊன்றுகோலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "வாங்கோ மச்சாள்" என்றார். மதுரையில் என்னை மச்சாள் என்று கூப்பிட ஆள் கிடையாது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் படகில் மண்டபம் வந்து, மதுரைப் பக்கத்து முகாமில் இருந்தார். அவருடைய அம்மாவுக்கு மருந்து வாங்க என் கடைக்கு வருவார். அம்மா குணமான பிறகும் வந்துகொண்டே இருந்தார். அப்போது தராசில் நின்றவள் செல்வி. கல்யாணம் ஆனது, அவர் முதலில் ஜெர்மனி போனார், பிறகு லண்டன், பிறகு அவளை அழைத்துக்கொண்டார்.

சாப்பாடு புட்டும் மீன் குழம்பும். குழம்பு கருஞ்சிவப்பாக இருந்தது. வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள். புளி மட்டும் எங்கள் வீட்டுக் கணக்கு. ஒரே சட்டிக்குள் இரண்டு ஊர் சண்டையில்லாமல் குடியிருந்ததை நான் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லவேண்டும். இவர்கள் மகள் யாழினி அமெரிக்காவில் வேலை பார்க்கிறாள். கன்சாஸ் சிட்டி என்று ஒரு ஊர். நாலு வாரத்தில் அங்கே கல்யாணம். செல்வி போகிறாள். சிவநேசன் போகவில்லை. அவர் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை வரவழைத்திருந்தார்கள். "அவரால பயணம் ஏலாது அக்கா" என்று மட்டும் போனில் சொன்னாள், புருஷன் ஊர்த் தமிழ் நாக்கில் ஏறியவள். ஏனென்று நான் கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு குறை இருந்தது. ஊன்றியாவது நடக்கிற மனுஷன், பெற்ற ஒரே பெண்ணின் கல்யாணத்துக்கு ஒரு பிளேனில் உட்கார்ந்து போகமாட்டாரா?

மறுநாள் காலை தெரிந்தது.

அவருக்கு நரம்பின் மேலுறை தேய்ந்துபோகும் வியாதி. மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் கலைந்துவிடும். அன்று என்னோடு பேசிக்கொண்டிருந்ததில் காலை வேளை மருந்து பிந்திவிட்டது. திடீரென்று வலது கால் விரல்கள் உள்ளே சுருண்டன. கெண்டைக்கால் கட்டையாக இறுகியது. முழங்கால் விறைத்து, மேசையை உதைத்து, டீ எல்லாம் கொட்டியது.  மேசை விளிம்பைப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்துப்போயின.

செல்வி பூட்டு வைத்த பிஸ்கட் டப்பாவிலிருந்து சின்னப் பழுப்புநிறக் குப்பி ஒன்றை எடுத்தாள். ஊசி மாதிரி ஒரு குழாயில் அளந்து அவர் நாக்குக்கு அடியில் விட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. முரண்டு பிடித்த மாடு தானாகப் படுக்கிற மாதிரி அந்தக் கால் மெல்ல இறங்கி, மடங்கி, தரையைத் தொட்டது. வாழ்நாள் முழுக்க மருந்து நிறுத்துக் கொடுத்தவள் நான். ஒரு மருந்து ஒரு மனுஷனுக்குள் இறங்கி வேலை செய்வதை அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது.

அப்புறம்தான் வாசனை உறைத்தது. முப்பது வருசமாக எந்த வாசனை கடைக்குள் வந்துவிடக்கூடாது என்று பயந்தேனோ அது.

"செல்வி, இது..."

"ஓம் அக்கா. அதேதான்."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். புருஷனும் பெண்டாட்டியும் அப்படிச் சிரித்தார்கள். போலீஸ் வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரட்டும் என்றார் சிவநேசன். பிறகு குப்பியைத் திருப்பி லேபிளை என் பக்கம் காட்டினார். "வாசியுங்கோ மச்சாள்." முதல் வரியில் அவருடைய முழுப்பெயர். அடுத்து எவ்வளவு, எத்தனை வேளை, எழுதிக்கொடுத்த டாக்டர், கொடுத்த மருந்துக்கடை. இங்கே சட்டம் மாறிச் சில வருசம் ஆகிறதாம். எல்லா டாக்டரும் எழுத முடியாது. அதற்கென்று இருக்கிற பெரிய டாக்டர் எழுதவேண்டும். வேறு மருந்தெல்லாம் கேட்காமல் போனபின் எழுதுவார். லேபிளோடு அதே குப்பியில் வைத்திருக்கவேண்டும். சுருட்டிப் பிடிக்கிற கதையே கிடையாது.

எனக்குக் காசி ஞாபகம் வந்தது. ஒருமுறை யாத்திரை போனபோது கோயில் சந்தில் ஒரு கடை பார்த்தேன். அரசாங்க அனுமதி என்று போர்டு. அதே செடியின் இலையை அரைத்து உருட்டி, தட்டில் பச்சைப் பச்சையாக அடுக்கியிருந்தார்கள். மஞ்சள் வாங்குகிற மாதிரி ஜனங்கள் வாங்கிப் போனார்கள். ஒரே நாடு, ஒரே ரூபாய் நோட்டு. அங்கே போர்டு, மதுரையில் கைவிலங்கு. ரயிலில் திரும்பும்போது எந்த ஸ்டேஷனில் அது குற்றமாக மாறும் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் வரவில்லை.

இதைச் சொன்னதும் சிவநேசன், "அப்ப பிள்ளை இருக்கிற ஊரைக் கேட்டால் என்ன செய்வியள்" என்றார்.

மூன்றாம் நாள் யாழினி வீடியோவில் வந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளைப் பையன் துஷ்யந்தன். அவனுடைய பெற்றோரும் யாழ்ப்பாணம்தான், அமெரிக்கா போய் ரொம்ப வருசம். பையன் இங்கிலீசில்தான் பேசுவான், நடுவில் மாமா, அன்ரி, ஓம் எல்லாம் வரும். அவர்கள் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

கன்சாஸ் சிட்டி ஒரே ஊர். ஆனால் இரண்டு மாநிலத்தில் இருக்கிறது. ஊர் நடுவில் ஒரு தெரு ஓடுகிறது, அதுதான் எல்லைக்கோடு. கிழக்குப் பக்கம் மிசூரி. அங்கே மருந்தாகவும் வாங்கலாம், சும்மாவும் வாங்கலாம், கண்ணாடிக் கடையில் விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள். மேற்குப் பக்கம் கன்சாஸ். அங்கே மருந்தென்று டாக்டர் எழுதினாலும் குற்றம். யாழினி வாடகைக்கு இருப்பது கிழக்கே. மாப்பிள்ளை வீடும் கல்யாண மண்டபமும் மேற்கே. இதற்கெல்லாம் மேலே நாட்டுக்கென்று ஒரு பெரிய சட்டம் இருக்கிறது. அது எங்கேயும் கூடாது என்கிறது. விமான நிலையம் அந்தப் பெரிய சட்டத்தின் கையில். ஆகவே லண்டன் குப்பி உள்ளே வர முடியாது.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். தெருவைக் கடக்கிறவன் பையில் இருப்பது நடுக்கோட்டில் வேறு பொருளாகிவிடுகிறது. செடிக்குத் தெரியுமா, குப்பிக்குத் தெரியுமா? மனுஷர்கள் கூடிப் பேசி, கையெழுத்துப் போட்டு, ஒரு தார் ரோட்டின் நடுவில் அப்படி ஒரு கோடு போட்டு, அதை எல்லோரும் மதித்து நடக்கிறார்கள் என்றால் சாதாரண விஷயமா?

யாழினிக்கு அந்த வியப்பெல்லாம் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "அப்பா, நீங்கள் வெறுங்கையோட வாங்கோ. இங்க என்ர பக்கம் கடையில வாங்கலாம். மண்டபம் போறதுக்கு முதல் வீட்டில எடுத்துப்போட்டு, ரோட்டைக் கடந்தா சரி. பத்து நிமிஷம்."

"சரிவராது பிள்ளை."

"ஏன் எண்டாவது சொல்லுங்கோவன்."

அவர் திரையை விட்டுத் திரும்பினார். கறிக்கு உப்புப் போட்டாச்சோ என்று செல்வியிடம் கேட்டார். அந்தப் பக்கம் திரை அணைந்தது. வீம்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த இரண்டு நாள் என்னை வெளியே விட்டார்கள். பாதாள ரயிலில், தமிழ்க் கடைகள் இருக்கும் டூட்டிங் போவதற்கு ஏறி, எதிர்த்திசையில் மோர்டன் வரை போய்விட்டேன். கடைசி ஸ்டேஷன், எல்லோரும் இறங்கினார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பெட்டி கூட்ட வந்த ஒரு கறுப்பு அம்மாள் என் சேலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "கவலைப்படாதே டார்லிங், உட்காந்திரு. இதே ரயில் திரும்பி அந்தப் பக்கம்தான் போகும்" என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டேன். திரும்பும்போது பஸ். பாதி வழியில் "இந்தப் பஸ் இத்தோடு நிற்கிறது" என்று ஒரு குரல் அறிவித்தது. நம்மூர் என்றால் கண்டக்டர் சட்டை கிழிந்திருக்கும். இங்கே முழுப் பஸ்ஸும் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு வரிசை நின்றது. டூட்டிங்கில் முருங்கைக்காயும் முசுட்டை இலையும் கிடைத்தன. கொத்து ரொட்டிக் கல்லின் தாளம் மட்டும் மதுரைப் பரோட்டாக் கல்லுக்கு அண்ணன் தம்பி மாதிரி கேட்டது.

ஆறாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன்.

செல்வி முதியோர் இல்லத்தில் வேலை, காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். சிவநேசன் குளிக்கப் போனார். மருந்தெடுக்கச் சாவியை என்னிடம் தந்திருந்தார்கள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஒரே மாதிரி இரண்டு குப்பி, ஒரே வாசனை, இரண்டும் பாதிப் பாதி. முப்பது வருசக் கை சும்மா இருக்குமா? கடையில் பாதி டப்பா இரண்டு இருந்தால் ஒன்றாக்கி, காலியைக் கழுவிக் கவிழ்ப்பதுதான் அன்றைய முதல் வேலை. இரண்டையும் ஒன்றாக ஊற்றினேன். நிறைந்த குப்பியில் எண்ணெய் வழிந்ததால் அதன் லேபிளும் பிசுபிசுத்தது. வெந்நீரில் இரண்டு லேபிளையும் கிழியாமல் உரித்தேன், நோட்டில் ஒட்டினேன். அப்புறம் நல்ல காகிதம் வெட்டி, 'காலை, இரவு' என்று அழகாகத் தமிழில் எழுதிக் குப்பியில் ஒட்டினேன்.

லேபிள் படித்து வளர்ந்தவள், அன்றைக்குப் பார்த்து லேபிளைப் படிக்கவில்லை.

தலை துவட்டிக்கொண்டு வந்தவர் குப்பியைப் பார்த்தார். கவிழ்த்து வைத்த மற்றதைப் பார்த்தார். கோபிக்கவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"மச்சாள், அது ரெண்டும் வேற வேற. ஒண்டு பகலுக்கு, ஒண்டு ராவுக்கு. பலம் வேற." கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு நேரமும் மருந்தாயிருந்தது. இப்ப இது வெறும் கஞ்சா" என்றார்.

 அந்தக் கலவைக் குப்பியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, பெருந்தெரு மருந்துக்கடைக்கு ஓடினேன். அங்கே நம் பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். பக்கத்து ஊரான சட்டனில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் கேட்டால் புரியும், பேச்சு இங்கிலீசில். என் நோட்டை விரித்து லேபிள்களைக் காட்டினேன். அவள் முதலில் லேபிளைப் பார்க்காமல், மற்ற பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். இருபது வருச லேபிள்கள். "ஆன்ட்டி, இது நீங்களே ஒட்டினதா? எங்கள் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலந்ததைக் கொடுக்கவே கூடாது, அழித்துவிட வேண்டும், அது எங்கள் பொறுப்பு என்று குப்பியை வாங்கிவைத்தாள். கிளினிக்குக்கு அவளே போன் போட்டு, நோட்டிலிருந்த எண்களை வாசித்தாள். டாக்டர் மறுபடி எழுதி, வேறொரு மருந்துக்கடையிலிருந்து தபாலில் வரவேண்டும். நாலு நாள் ஆகும். அதுவரை இறுக்கத்துக்கு வேறு மாத்திரை, என்ன ஆனால் எந்த நம்பருக்குப் போன் செய்யவேண்டும் என்று எல்லாம் எழுதித் தந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த நாலு நாளை நான் விவரிக்கப் போவதில்லை. மாத்திரை தூக்கத்தைத் தந்தது, காலுக்கு அவ்வளவாக எட்டவில்லை. சட்டைப் பித்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். ஸ்பூன் வாய்க்குப் போகும் வழியில் தோள் மேல் போகும். அவரோ என்னைத் தேற்ற, "கடையைச் சுத்தமா வச்சிருக்கிற ஆள் எண்டு தெரிஞ்சும் சாவியைத் தந்தது எங்கட பிழை" என்று பகிடி விட்டார். செல்வி ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்தாள். அவள் என்னோடு பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நாலில் மூன்றாம் நாள் மத்தியானம் யாழினி கூப்பிட்டாள். நான்தான் போனை எடுத்தேன். மறைக்க எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லி, போனைத் திருப்பி அவள் அப்பாவைக் காட்டினேன். கால் விறைத்து உதைத்துக்கொண்டிருந்தது. யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள், பின்னால் துஷ்யந்தன் நின்றான். அவள் இத்தனை வருசத்தில் அதை முழுசாகப் பார்த்ததில்லை. மருந்து எடுத்த பிறகு இருக்கும் அப்பாவைத்தான் போனில் பார்ப்பாள்.

அப்போதுதான் அவர் பேசினார்.

"பிள்ளை, கடையில வாங்கலாம், எனக்குத் தெரியும். ஆனா எயார்போட்டில கஞ்சா எடுக்கிறனீரோ, இங்க வந்து எடுக்கப்போறீரோ எண்டு கேட்டால் நான் பொய் சொல்லோணும். ஜெர்மனிக்கு வரேக்கை மூண்டு எல்லை கடந்தனான். மூண்டு பேர் சொன்னனான். ஒண்டும் என்ர பேர் இல்லை. ஒரு இடத்தில என்ர உண்மைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவங்கள், நான் திரும்பியும் பாக்கேல்லை. பாத்தால் பிடிபட்டிடுவன்." மூச்சு வாங்கினார். "இந்தப் போத்திலில என்ர பேர் அடிச்சிருக்கு. அதோட கடக்க விட்டால் கடப்பன். விடாட்டி, பொய் சொல்லி இனி ஒரு கோட்டையும் தாண்டமாட்டன். உன்ர கலியாணத்துக்கும்தான்."

 வீம்பு என்று நினைத்த என் புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

திரையில் துஷ்யந்தன் முன்னால் வந்தான். "மாமா, நான் எல்லாக் கோட்டையும் கடக்கலாம்தானே" என்றான், தமிழிலேயே. "அப்ப நான் வாறன். பொன்னுருக்கு உங்கட வீட்டில செய்வம்."

எனக்குப் பிறகுதான் விளங்கப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாளில் தாலிக்கான தங்கத்தை, அவர்கள் பேச்சில் பவுணை, உருக்குவார்கள். ஆசாரி வீட்டுக்கு வருவார், சுற்றிச் சொந்தம் நிற்கும், அதற்குப் பிறகு தாலி கட்டும் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அது மாப்பிள்ளை வீட்டில் நடக்கிற காரியம். பெண் வீட்டில் நடந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. "உம்மட அம்மா என்ன சொல்லுவா" என்று செல்வி இழுத்தாள். அம்மாவோடு நான் கதைக்கிறேன் என்றான். அந்த அம்மா மறுநாளே போன் செய்தார். ஒரு ஊருக்குள் இரண்டு சட்டம் இருக்கும்போது பொன்னுருக்கு இரண்டு வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டாராம். அதையும் எழுதிக்கொண்டேன்.

புது மருந்து சொன்ன நாளில் வந்தது. சிவநேசன் என்னிடமே சாவியைத் திரும்பக் கொடுத்தார்.

அடுத்த வாரம் துஷ்யந்தன் வந்து இறங்கினான். ஆறடிப் பையன், சட்டைப் பையில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய, இங்கிலாந்து ராணி முகம் போட்ட ஒரு தங்கப் பவுண் காசு. டூட்டிங் நகைக்கடை ஆசாரி காலையிலேயே தன் சின்ன அடுப்போடும், பொன் உருக்குகிற குகை என்ற மண் கிண்ணத்தோடும் வந்துவிட்டார். சமையலறையில் நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலை. செல்வி ஏணி போட்டு ஏறி, கூரையிலிருந்த புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பியை மாட்டிவிட்டாள். இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் ஹோமமோ பொன்னுருக்கோ, முதல் சடங்கு அதுதானாம்.

காசைக் குகைக்குள் போடவேண்டியது மாப்பிள்ளையின் தகப்பன். துஷ்யந்தன் காசை எடுத்துச் சிவநேசன் உள்ளங்கையில் வைத்தான். "நீங்கள் போடுங்கோ மாமா."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை மருந்து கொடுத்து ஒன்றேகால் மணி நேரம். கை கேட்குமா? போன வாரம் ஸ்பூன் தோளுக்குப் போன கை அது. செல்வி என் முழங்கையைப் பிடித்தாள், பத்து நாளுக்குப் பிறகு. அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசையில் இடது கையை ஊன்றி, வலது கையை நீட்டினார். குகையின் வாய் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். கை நேராகப் போனது. காசு விழுந்த சத்தம் 'டிங்' என்று கேட்டது.

ஆசாரி ஊதினார். ராணி முகம் முதலில் வியர்த்த மாதிரி பளபளத்தது. பிறகு விளிம்பு கரைந்தது, எழுத்து கரைந்தது, கடைசியில் ஒரு சொட்டுச் சூரியன் மாதிரி உருண்டு நின்றது. எந்த நாட்டுக் காசு என்று இனி யாரும் சொல்ல முடியாது. குளியல் தொப்பியையும் மீறி அலாரம் அலறியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் ஓடிவந்து, உருகிய பொன்னைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு வெற்றிலையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாளில் தாலி ஆனது. ரசீது சிவநேசன் பெயரில். செல்வி சிவப்பு டப்பாவையும் ரசீதையும் கைப்பையில் வைத்துக்கொண்டு துஷ்யந்தனோடு பிளேன் ஏறினாள்.

மறுநாள் அவள் அங்கிருந்து கூப்பிட்டபோது, எயார்போட்டில் கேட்டார்களா என்றுதான் சிவநேசன் முதலில் கேட்டார். கேட்டார்களாம். டப்பாவைத் திறக்கச் சொன்னார்களாம். மகளுடைய தாலி என்று இவள் சொல்ல, அதிகாரி ரசீதை வாங்கிப் படித்தானாம்.

"என்ன வாசிச்சவன்?"

"உங்கட பேரைத்தான். எழுத்துக் கூட்டி முழுசா வாசிச்சான். ஆர் இது எண்டான். பொம்பிளையின்ர அப்பா எண்டன். வாழ்த்துச் சொல்லித் திருப்பித் தந்தான்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் கடந்திட்டன், மச்சாள்" என்றார்.

கல்யாணம் அங்கே காலையில், இங்கே மத்தியானம். வேட்டி கட்டி, திருநீறு பூசி, சமையலறை மேசையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். தெருவின் அந்தப் பக்கத்தில், மேற்கே, கெட்டிமேளம் கொட்டினார்கள். யாழினி குனிந்தாள். நிமிர்ந்ததும் கழுத்திலிருந்ததைக் கையில் எடுத்து எங்கள் பக்கம் காட்டினாள். இவர் மேசையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் அட்சதை போட்டார். அரிசி முழுக்கத் திரையில் பட்டுச் சிதறியது.

மருந்து நேரம் ஆகியிருந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பகல் குப்பியை எடுத்து, மூடியைத் தொடுமுன் லேபிளைச் சத்தமாகப் படித்தேன். முதல் வரி அவர் பெயர்.

"ஓம்" என்றார், ஆஜர் சொல்கிற மாதிரி.